காற்று மெலியும் உயரத்தில்

ஆரப்பாளையத்தில் என்னிடம் பாடம் கேட்க வரும் பையன் ஒருவன், "ஐயா, சமவெளியில் எளிதாகப் பறக்கும் ஹெலிகாப்டர் பனிமலையில் ஏன் திணறுகிறது?" என்று வினவினான். நல்ல கேள்வி. சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. அதன் எதிர்விசையே ஹெலிகாப்டரை மேலே தூக்குகிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஆகவே, தூக்கும் விசையும் இயந்திரத்தின் ஆற்றலும் ஒருங்கே குன்றுகின்றன.

1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரில் இவ்வுண்மை நமக்குத் துயரப் பாடமாயிற்று. கனத்த தாக்குதல் ஹெலிகாப்டர்கள் அவ்வுயரத்தில் பயன்படவில்லை. ஆட்களையும் பொருள்களையும் சுமக்கும் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களில் ராக்கெட்டுகளைப் பொருத்தி அனுப்பினர். மே 28-ஆம் நாள், தோலோலிங் அருகே அவற்றுள் ஒன்றை ஏவுகணை வீழ்த்தியது. வீரர் நால்வர் உயிர் நீத்தனர்.

அக்குறையைப் போக்கப் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியதே 'பிரசண்ட்'. இரண்டு 'சக்தி' இயந்திரங்கள் கொண்ட இதன் உச்ச எடை ஏறத்தாழ 5,800 கிலோகிராம்தான். எடை குறைவு, ஆற்றல் மிகுதி. மெலிந்த காற்றை வெல்லும் வழி இதுவே. 2010 மார்ச் 29-இல் முதன்முதலாகப் பறந்தது. 2022 அக்டோபர் 3-இல் ஜோத்பூரில் விமானப்படையிற் சேர்ந்தது.

கார்கிலுக்குப் பின் 23 ஆண்டுகள்! ஆராய்ச்சி பொறுமையாகவே விளையும். போரோ அதுவரை காத்திராது. பௌதிக நூலில் காற்றின் அடர்த்தியைப் படிக்கையில் அந்நால்வரையும் நினையுங்கள்.