நகரும் உயரழுத்த நீர்க் கழுவல் தொழில்

நகரும் உயரழுத்த நீர்க் கழுவல் தொழில் என்பது பம்பு, நீர்த்தொட்டி, மோட்டார் அல்லது எஞ்சின் ஆகியவற்றை வண்டியில் ஏற்றிச் சென்று, வாடிக்கையாளரின் இடத்திலேயே ஊர்திகள், வேளாண் இயந்திரங்கள், தரை, சுவர் முதலியவற்றை நீர்த்தாரையால் தூய்மை செய்து தரும் சிறுதொழில் ஆகும். ஓரிடத்தில் நிலையாக நடைபெறும் இத்தகைய தொழில் தமிழ்நாட்டில் "வாட்டர் சர்வீஸ்" அல்லது "வாட்டர் வாஷ்" எனப் பரவலாக அழைக்கப்படுகின்றது. நகரும் முறைக்குக் கடையோ கட்டடமோ தேவையில்லை என்பதால் குறைந்த முதலில் தொடங்க இயலும். ஆனால் அழுத்தம், நீரோட்டம், தொட்டியின் கொள்ளளவு, விசை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் வாங்கிய கருவி பயனற்றுப் போகும். இக்கட்டுரை கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி, வளையமாதேவிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருத்தத்தை விளக்குகின்றது.

வரலாறு

1920களில் ஐக்கிய அமெரிக்காவில் பிராங்க் ஓஃபெல்ட் என்பவர் நீராவியைக் கொண்டு கழுவும் இயந்திரத்தை உருவாக்கினார். 1950 ஆம் ஆண்டில் செருமனியின் கார்ச்சர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயரழுத்தக் கழுவியை வெளியிட்டது. இந்தியாவில் தோட்டப் பயிர்களுக்கு மருந்து தெளிக்கப் பயன்படும் எச்.டி.பி. வகை விசைத்தெளிப்பான் பம்புகள் ஊர்தி கழுவவும் பயன்படுகின்றன. பின்னர் வந்த சிறிய மின் கழுவிகள் வீட்டுப் பயன்பாட்டிலும் இடம்பெற்றன.

இயங்கும் முறை

பம்பு நீரை அழுத்தி, குறுகிய துளையுடைய முனை வழியாக வெளியேற்றுகின்றது. அப்போது நீரின் அழுத்தம் வேகமாக மாறுகின்றது. அழுத்தம் "பார்" என்னும் அலகால் அளக்கப்படும். ஒரு பார் என்பது ஏறத்தாழப் பத்து மீட்டர் உயரமுள்ள நீர்நிரலின் அழுத்தம் ஆகும். நீருக்கு அளிக்க வேண்டிய ஆற்றலைப் பின்வருமாறு கணக்கிடலாம்.

ஆற்றல் (கிலோவாட்) = அழுத்தம் (பார்) × நீரோட்டம் (நிமிடத்திற்கு லிட்டர்) ÷ 600

100 பார் அழுத்தத்தில் நிமிடத்திற்கு 6 லிட்டர் வெளியேற்றும் மின் கழுவிக்கு 1 கிலோவாட் தேவை. 30 பார் அழுத்தத்தில் 20 லிட்டர் வெளியேற்றும் எச்.டி.பி. பம்புக்கும் அதே 1 கிலோவாட்தான் தேவை. பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பு இதில் சேராது. மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் இதைவிட மிகுதியாக இருக்கும்.

ஆற்றல் ஒன்றேயாயினும் இரண்டின் தன்மை வேறு. முதலாவதில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 140 மீட்டர் வேகத்தில் மெல்லிய தாரையாகப் பாய்கின்றது. ஒட்டிய தூசியையும் பாசியையும் பெயர்க்க வல்லது. இரண்டாவதில் வேகம் 77 மீட்டர் அளவே எனினும் நீரின் திணிவு மிகுதி. அதன் தள்ளுவிசை ஏறத்தாழ 2.6 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். முதலாவதில் அது 1.4 கிலோகிராம் எடைக்கே ஒப்பாகும். எனவே தடித்த வயல் சேற்றைத் தள்ளி அகற்ற இரண்டாவது ஏற்றது.

நகரும் தொழிலுக்கு இவ்வேறுபாடு மிக முதன்மையானது. 300 லிட்டர் தொட்டியைக் கொண்டு மின் கழுவியை 50 நிமிடங்கள் இயக்கலாம். எச்.டி.பி. பம்பு அதே நீரை 15 நிமிடங்களில் தீர்த்துவிடும். அழுத்தத்தின் அளவை மட்டும் பார்த்துக் கருவி வாங்குவோர் பெரும்பாலும் இக்கணக்கைத் தவற விடுகின்றனர்.

நெய்வேலி, வளையமாதேவிப் பகுதி

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 இல் நிறுவப்பட்டது; 2016 இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாற்றம் பெற்றது. வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்பு, திறந்தவெளிச் சுரங்கங்கள், அனல்மின் நிலையங்கள், விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை ஆகியன இப்பகுதியின் அடையாளங்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் ஊர்திகளில் படிவதால் கழுவலுக்குத் தேவை உண்டு.

வளையமாதேவி சேத்தியாத்தோப்பிற்கு அருகில் உள்ள வேளாண் ஊர் ஆகும்; மேல்வளையமாதேவி, கீழ்வளையமாதேவி என இரு பகுதிகளைக் கொண்டது. முன்னரே கையகப்படுத்தப்பட்ட நிலங்களில், நெற்பயிர் நின்ற நிலையிலேயே, இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றின் மாற்று வாய்க்கால் வெட்டும் பணி 2023 சூலை 26 அன்று தொடங்கியது. இது பெரும் எதிர்ப்பை எழுப்பியது. பயிர்ச் சேதத்திற்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

நிலம் கைவிட்டுப் போன குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் என்பது இங்கு வாழ்வாதாரக் கேள்வி ஆகும். இழப்பீடு போன்ற தொகை ஒருமுறையே கைக்கு வருவது. அதைக் கொண்டு தொடங்கும் தொழிலில் கருவித் தேர்வு பிழையானால் மீண்டும் முதல் திரட்டுவது அரிது. ஆகவே பெரிய கருவியில் தொடங்குவதைவிடப் பொருத்தமான சிறிய கருவியில் தொடங்குவதே நன்று.

தொடக்கக் கருவிகள்

பம்பும் மோட்டாரும்: 1,400 முதல் 1,800 வாட் வரையிலான சிறிய மின் கழுவிகள் அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 6,000 முதல் 10,000 ரூபாய் வரை விற்கப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கரித்தூரிகை கொண்ட மோட்டாரால் இயங்குபவை. ஓசை மிகுதி, தொடர்ந்து நெடுநேரம் இயக்க ஏற்றவை அல்ல. தூண்டல் மோட்டார் கொண்டவை எடையும் விலையும் கூடியவை, ஆனால் நீண்ட நாள் உழைப்பவை. உறையில் பெரிதாக அச்சிடப்படுவது உச்ச அழுத்தம் ஆகும். வாங்குவோர் இயங்கு அழுத்தத்தையும் நிமிட நீரோட்டத்தையும் பார்த்தல் வேண்டும்.

எச்.டி.பி. பம்பு: இது மூன்று பிளஞ்சர்களைக் கொண்டது, பெல்ட் மூலம் மோட்டாராலோ எஞ்சினாலோ இயக்கப்படும். உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும். பழுதும் உள்ளூரிலேயே பார்க்கலாம். எண்ணெய் அளவைப் பார்ப்பதும் கிரீஸ் கப்பை அவ்வப்போது திருகுவதும் இன்றியமையாதன. பூச்சிமருந்து அடித்த பம்பைக் கழுவல் தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது.

விசை: வாடிக்கையாளர் வீட்டு மின்சாரத்தை அவரது இசைவுடன் பயன்படுத்துவதே சிக்கனமானது. 1,500 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும் என்பதால் 6 ஆம்பியர் பிளக் போதாது. 16 ஆம்பியர் பிளக் தேவை. நீட்டிப்பு வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்டதாக இருத்தல் நலம். மின்சாரம் இல்லாத வயல்வெளிக்குப் பெட்ரோல் எஞ்சின் ஏற்றது. பளுவில் ஒரு மணி நேரத்திற்கு ஒரு லிட்டருக்கும் மேல் பெட்ரோல் செலவாகலாம். ஜெனரேட்டர் வாங்கி அதனால் மின் கழுவியை இயக்குவது செலவு கூடிய வழியாகும். மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் எடுப்பதால் பெரிய ஜெனரேட்டர் தேவைப்படும்.

தொட்டியும் வண்டியும்: ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் நீர் மட்டுமே 500 கிலோகிராம் ஆகும். மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோவுக்கு இது பளு. அதற்கு 200 முதல் 300 லிட்டர் போதுமானது. "குட்டி யானை" எனப்படும் சிறு சரக்கு வண்டியில் 500 லிட்டர் ஏற்றலாம். பாதி நிரம்பிய தொட்டியில் நீர் அலைந்து வளைவுகளில் வண்டியைச் சாய்க்க முற்படும். ஆகையால் பெரிய தொட்டி ஒன்றைவிடச் சிறியவை இரண்டு பாதுகாப்பானவை. வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. எனவே கருவிகளைக் கழற்றி இறக்கக்கூடிய இரும்புச் சட்டத்தில் பொருத்துவது வழக்கம்.

குழாயும் முனைகளும்: குழாய் பம்பின் உச்ச அழுத்தத்தைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும். முனைகள் நீர் விரியும் கோணத்தால் வேறுபடும். சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15 பாகை, பச்சை 25 பாகை, வெள்ளை 40 பாகை என்பது பரவலான நிறக்குறி ஆகும்; கருப்பு முனை சோப்பு நீருக்கு உரியது. ஊர்திகளுக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். பம்பின் உள்வாயில் வடிகட்டி கட்டாயம் தேவை. மணல் சென்றால் வால்வுகளும் சீல்களும் கெடும்.

வாங்கும் ஒழுங்கும் செலவுக் கணக்கும்

முதலில் வாடிக்கையாளர் யார் என்பதை முடிவு செய்தல் வேண்டும். நெய்வேலிக் குடியிருப்பின் இருசக்கர வண்டிகளும் கார்களும் எனில் குறைந்த நீரோட்டமுடைய மின் கழுவியும் 200 லிட்டர் தொட்டியும் போதும். வளையமாதேவி போன்ற ஊர்களின் டிராக்டர், அறுவடை இயந்திரம் எனில் எஞ்சின் பொருத்திய எச்.டி.பி. பம்பும், நீர் கிடைக்கும் இடத்திற்கு அருகில் நிறுத்திக் கழுவும் ஏற்பாடும் தேவை. இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. வண்டி சொந்தமாக இல்லாதோர் தொடக்கத்தில் வாடகைக்கு எடுப்பது முதலைக் காக்கும்.

எடுத்துக்காட்டாக, வண்டி நீங்கலாகக் கருவிகளுக்கு 40,000 ரூபாய் செலவானதாகக் கொள்வோம். எரிபொருள், சோப்பு, வாடகை போக ஒரு வண்டிக்கு 60 ரூபாய் மிஞ்சினால் முதல் மீள ஏறத்தாழ 667 வண்டிகள் கழுவ வேண்டும். நாளொன்றுக்கு ஆறு வண்டிகள் எனில் இது 112 வேலை நாட்கள் ஆகும். மழைக்காலத்தில் வேலை குறையும் என்பதையும் பழுதுக்கு ஒதுக்க வேண்டிய தொகையையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கழுவும் முறை

நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் உலர்ந்த துணியால் துடைத்தால் வண்ணப்பூச்சில் கீறல் விழும். முதலில் அகன்ற தாரையால் மேலிருந்து கீழாகத் தூசியை நீக்கி, சோப்பு நுரை இட்டுச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, காய்வதற்கு முன் கழுவுதல் வேண்டும். முனையை ஓரடிக்கும் குறைவாக நெருக்கலாகாது. பேரிங், மின்கம்பி இணைப்பு, ஏர் ஃபில்டர் ஆகியவற்றின் மீது நேரடியாக அடித்தல் தவறு. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளையாதவாறு அகன்ற தாரையை நேர்க்கோணத்தில் செலுத்த வேண்டும். டிராக்டரைக் கழுவியபின் கிரீஸ் இடுவது நல்ல வழக்கம்.

நீரும் கழிவுநீரும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள ஊற்று நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்துவதால், சுரங்கம் வெள்ளத்தில் மூழ்காதிருக்க அந்நீர் இடைவிடாமல் இறைக்கப்படுகின்றது. இதனால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்துள்ளதாகச் சுற்றுவட்டார விவசாயிகள் நீண்டகாலமாகக் கூறி வருகின்றனர். ஆகையால் இப்பகுதியில் நீர்ச் சிக்கனம் ஊராரின் நம்பிக்கையோடும் தொடர்புடையது. நிமிடத்திற்கு 6 லிட்டர் கருவியில், விசையை அழுத்தியிருக்கும் நேரம் 8 நிமிடங்கள் எனில், இருசக்கர வண்டி ஒன்றுக்கு 48 லிட்டர் போதும்.

இலவச விவசாய மின் இணைப்பில் இயங்கும் மோட்டாரிலிருந்து தொழிலுக்கு நீர் எடுப்பது முறையற்ற மின் பயன்பாடு ஆகும். எண்ணெய் கலந்த கழிவுநீரைப் பாசன வாய்க்காலிலோ குளத்திலோ விடலாகாது. நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974 நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கின்றது. எஞ்சின் எண்ணெய்க் கசிவைக் கழுவும் முன் மரத்தூளால் ஒற்றி எடுப்பது எளிய வழியாகும்.

பாதுகாப்பு

உயரழுத்தத் தாரை தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயமும் உள்ளே பெருஞ்சேதம் விளைவிக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கன்னை மனிதர், கால்நடை நோக்கித் திருப்பலாகாது. கண்ணாடியும் ரப்பர் பூட்சும் அணிதல் வேண்டும். மின் கழுவியை நில இணைப்புடனும், 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகவும் மட்டுமே இயக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளதால் மூடிய கொட்டகையில் இயக்குவது உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

பதிவும் கடனுதவியும்

2020 சூலை 1 முதல் சிறுதொழில்களுக்கு உத்யம் பதிவு இணையவழியில் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது. 2015 இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகப் பகுதிகளில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும் சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் உண்டு. தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும் மானியத்துடன் கூடியது. இவை குறித்துக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். கடன் கேட்கும்போது பம்பின் நீரோட்டம், தொட்டியின் கொள்ளளவு, நாளொன்றுக்குக் கழுவக்கூடிய வண்டிகள் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் திட்ட அறிக்கையில் காட்டுவது விண்ணப்பத்திற்கு வலுச் சேர்க்கும்.