ஜி++ எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லுங்கள்

பென்னாகரத்தில் பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கிறீர்களா? 14-ஆம் பாடத்தில், பைத்தான் வழியாக சி++ நிரலை ஓட்டச் சொல்வார்கள். ஓட்டினால் 'ஜி++ இஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று வந்து நிற்கிறதா? பயப்படாதீர்கள். நீங்கள் எழுதிய நிரல் தப்பு என்று கணினி சொல்லவில்லை.

பிறகு என்னதான் சொல்கிறது? ஜி++ ஒரு கம்பைலர் (நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல்). அதைத் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது.

கணினி முழுக்கவா தேடும்? இல்லை. நீங்கள் இருக்கும் ஃபோல்டரை முதலில் பார்க்கும். பிறகு பாத் (நிரல்களைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) காட்டும் இடங்களை வரிசையாகப் பார்க்கும். அதோடு நிறுத்திக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை) 'பாத்' என்று தட்டி எண்டர் கொடுங்கள். அந்தப் பட்டியலை நீங்களே பார்க்கலாம்.

மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டுமா? செல்போன் டேட்டாவை அதற்குச் செலவழிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். பிளஸ் 1-இல் டெவ் சி++ போட்டிருந்தால், ஜி++ பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வந்திருக்கும். சி டிரைவில், பெயர் எக்ஸ்86 என்று முடியும் புரோகிராம் ஃபைல்ஸைத் திறங்கள். அதற்குள் டெவ்-சிபிபி, அதற்குள் மின்ஜிடபிள்யூ64, அதற்குள் 'பின்' என்ற ஃபோல்டர். அங்கே ஜி++ இருந்தால், திரையின் மேலே உள்ள முகவரியைக் காப்பி செய்துகொள்ளுங்கள்.

அதை எங்கே சேர்ப்பது? ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட்' என்று தட்டினால், உங்கள் அக்கவுண்ட்டுக்கான என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் வரும். மேல்பாதியில் பாத் இருக்கும். எடிட், நியூ, பேஸ்ட், ஓகே. விண்டோஸ் 10, 11-இல் இவ்வளவுதான் வேலை.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அதில் எல்லா முகவரிகளும் ஒரே நீள வரியாக இருக்கும். எடிட்டைத் திறந்ததும் அந்த வரி முழுதும் நீலமாகத் தேர்வாகி நிற்கும். அப்படியே பேஸ்ட் செய்தால் பழையது அத்தனையும் போய்விடும். இதுவரை ஓடிய வேறு சில நிரல்களும் 'நாட் ரெகக்னைஸ்டு' ஆகிவிடலாம். எண்ட் பொத்தானை அழுத்தி வரியின் கடைசிக்குப் போய், ஓர் அரைப்புள்ளி (;) வைத்து, அதன்பின் ஒட்டுங்கள்.

சேர்த்தும் வேலை செய்யவில்லையா? ஏற்கெனவே திறந்திருக்கும் திரைக்குப் புதுப் பட்டியல் தெரியாது. கமாண்ட் பிராம்ப்ட், பைத்தான் இரண்டையும் மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். 'வேர் ஜி++' என்று தட்டுங்கள். முகவரி வந்தால் சரியாகிவிட்டது. இரண்டு முகவரிகள் வந்தால், முதலில் இருப்பதுதான் ஓடும்.

வீட்டில் செய்தது பள்ளி லேபிலும் செல்லுமா? செல்லாது. ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் பட்டியல்தான். செய்முறைத் தேர்வுக்கு முன்பே, நீங்கள் உட்காரப்போகும் கணினியில் 'வேர் ஜி++' தட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.