ஒரு தெருவை மேசைமேல் கட்டுவோம்: ஜார்ஜ் டவுன் மாதிரி வடிவமும் விளக்கக் கட்டுரையும்



நகரத்தைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வானுயர்ந்த கட்டடங்கள், வாகன நெரிசல், பரபரப்பான மக்கள்: இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பாதிக் கட்டுரை காணாமல் போய்விடும். ஈப்போவுக்கும் இதே வரிகள்தான், பினாங்குக்கும் இதே வரிகள்தான். பிள்ளைகளுக்குச் சொல்வளம் போதவில்லை என்று நாம் பேசிக்கொள்கிறோம். எனக்கென்னவோ, அவர்கள் பார்த்தது போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. அளந்து, சுருக்கி, அட்டையில் கட்டிப் பார்த்த ஒரு தெருவைப் பற்றி யாரும் அப்படிப் பொதுவாக எழுத மாட்டார்கள்.

முதலில், நகர வடிவம் என்றால் என்ன? தெரு, மனை, கட்டடம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான். கான்சென் என்ற புவியியல் அறிஞர் இங்கிலாந்தின் ஆல்னிக் என்னும் சிற்றூரை இப்படிப் பிரித்து ஆராய்ந்து 1960-இல் வெளியிட்டார். மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. கட்டடத்தை இடித்துவிடலாம். மனையின் எல்லை அவ்வளவு சீக்கிரம் மாறாது. தெரு எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது.

பினாங்கைப் பாருங்களேன். பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்து இறங்கியபின் போட்ட முதல் கட்டம் லைட், பீச், சூலியா, பிட் ஆகிய நான்கு தெருக்களுக்குள் அடங்கியது. அந்தக் கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பிட் தெருவுக்கு மட்டும் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்று பெயர் மாறிவிட்டது. சூலியா என்ற பெயர், தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பது.

மாணவர்களிடம் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: "பீச் தெருவில் கடல் எங்கே போச்சு?" வரைபடத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ பகுதியை உண்டாக்கினார்கள். கரை தள்ளிப் போனது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மாதிரி வடிவத்தின் அடித்தளத்தில் பழைய கரையை ஒரு நீலக் கோடாக வரைந்துவிடுங்கள். அந்த ஒரு கோட்டை வைத்தே ஒரு பத்தி எழுதலாம்.

இனி அளவு விகிதம். பலர் சறுக்குவது இங்கேதான். 1:200 என்றால் தரையில் 200 சென்டிமீட்டர், அட்டையில் 1 சென்டிமீட்டர். 6 மீட்டர் முகப்பும் 30 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கடைவீடு 3 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு மாடிக்கு 8 மீட்டர் என்று வைத்தால் உயரம் 4 சென்டிமீட்டர். காக்கி லீமா எனும் ஐந்தடி நடைபாதை வெறும் 7.5 மில்லிமீட்டர்! லைட் தெருவிலிருந்து சூலியா தெருவரை சுமார் அரை கிலோமீட்டர். அதை இதே அளவில் கட்ட இரண்டரை மீட்டர் மேசை வேண்டும். வகுப்பறையில் நடக்கிற காரியமா? ஒரே ஒரு கட்டடத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், போதும். முழு நகரமும் வேண்டுமென்றால் விகிதத்தை மாற்ற வேண்டும். சிங்கப்பூர் மெக்ஸ்வெல் சாலையிலுள்ள நகரக் கலைக்கூடத்தில் நகர மையம் முழுவதையும் 1:400 அளவில் வைத்திருக்கிறார்கள். அதற்கே ஒரு கூடம் தேவைப்படுகிறது.

அளவெடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். பள்ளித் திடலில் 20 மீட்டர் நடந்து, தன் ஓர் அடி எவ்வளவு என்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். உயரத்துக்கு, ஒரு மாணவரைத் தூணருகே நிறுத்திப் படம் எடுத்தால் போதும். அவர் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்று எண்ணிவிடலாம். மிலோ பெட்டி அட்டையே கட்டுமானத்துக்குத் தாங்கும். கடைவீட்டின் நடுவே வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்கும் திறந்த முற்றத்தை வெட்ட மறக்காதீர்கள். பக்கச் சுவர்களில் சன்னலே வைக்க முடியாத ஒரு நீண்ட வீட்டுக்கு மூச்சே அதுதான்.

கட்டி முடித்ததும், பக்கத்தில் கொம்தாரை வைத்துப் பாருங்கள். 1980-களில் எழுந்தபோது அதற்கு 65 மாடி, 232 மீட்டர். இந்த அளவில் 1 மீட்டர் 16 சென்டிமீட்டர். 4 சென்டிமீட்டர் கடைவீட்டின் அருகே அதை நிறுத்தினால், "வானுயர்ந்த" என்ற சொல்லுக்குப் பதிலாக "கடைவீட்டைப் போல் 29 மடங்கு உயர்ந்த" என்று பிள்ளைகளே எழுதுவார்கள். விளக்கக் கட்டுரைக்கு வேண்டியது இப்படிப்பட்ட வாக்கியம்தான்.

திசையையும் பார்க்கச் சொல்லுங்கள். மகா மாரியம்மன் கோயிலின் வாசல் குயின் தெருவில், கிழக்கு நோக்கி இருக்கிறது; பிட் தெருவுக்கு அது முதுகைத்தான் காட்டுகிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் கிப்லாவை நோக்குகிறது. அட்டையை ஒட்டும்போது எதை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேள்வி வரும். அப்போதுதான் இதெல்லாம் கண்ணில் படும்.

ஆனால் மாதிரி வடிவத்தில் வராத ஒன்று உண்டு, அதையும் பேசிவிட வேண்டும். 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை நம் நாட்டில் ஒரு சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது. பல தலைமுறைகளாக மேல்மாடியில் குடியிருந்த குடும்பங்கள் பல நகரத்தை விட்டு வெளியேறின. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. சுவர்களுக்குப் பாதுகாப்பு வந்தது. நாம் கட்டிய அட்டைத் தெருவும் அதே மாதிரிதான்: சுவர் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆளைக் காணோம்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நேரில் போகும்போது ஒவ்வொரு கடைவீட்டின் மேல்மாடியையும் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். துணி காய்கிறதா? பூந்தொட்டி இருக்கிறதா? இருந்தால் அந்த மாடிக்கு மஞ்சள் தாள் ஒட்டுங்கள். தங்கும் விடுதி, காப்பிக் கடை என்றால் நீலம். பூட்டிக் கிடந்தால் சாம்பல் நிறம். பிறகு நிறங்களை எண்ணி, "இந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள்?" என்ற தலைப்பில் 250 சொற்களில் எழுதச் சொல்லுங்கள். முகப்பு அளவு, மாடி எண்ணிக்கை, நிறங்களின் எண்ணிக்கை மூன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும். "பரபரப்பான" என்ற சொல்லுக்கு மட்டும் தடை.