திருச்சபையும் தெருவும் – 7: கோரைக்கிழங்கும் கொரிந்து இறைச்சியும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயில் பிரசாதம் கோரைக்கிழங்கு. பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் கிழங்கு அது. பெருமாள் வராகம் என்பதால் அதையே பொடித்து, இனிப்புச் சேர்த்துப் படைக்கிறார்கள். மாசி மகத்துக்கு இதே பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது அங்குள்ள முஸ்லிம்கள் மாலை மரியாதை செய்வது ஊரறிந்த விஷயம். இப்படிக் கொடுக்கல் வாங்கல் உள்ள வட்டாரத்தில், கோயிலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டம்மா ஒரு பொட்டலத்தை நீட்டினால் கிறிஸ்தவர் என்ன செய்வது? வாங்கி வாயில் போட்டுக்கொள்பவர் உண்டு. வாங்கி ஓரமாக வைத்துவிடுபவர் உண்டு. கையை நீட்டாதவரும் உண்டு.

கொரிந்து சபைக்கும் இதே சிக்கல்தான். அங்கே கிழங்குக்குப் பதில் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி. விக்கிரகம் வெறும் ஒன்றுமில்லாதது, ஆகவே தின்பதில் குற்றமில்லை என்று பவுல் முதலில் ஒப்புக்கொள்கிறார். சந்தையில் விற்பதை எதுவும் கேட்காமல் வாங்கலாம் என்றும் சொல்கிறார். ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சியை நினைத்து விட்டுவிடச் சொல்கிறார். நம்மூரில் பிரசாதத்தைச் சொல்லாமல் யார் கொடுக்கிறார்கள்? அப்படிப் பார்த்தால் கைநீட்டாதவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை வைத்துச் சாப்பிட்டவரை அவர் விசாரணைக் கூண்டில் ஏற்றக்கூடாது. ரோமருக்கு எழுதியபோது அந்த வழியையும் பவுல் அடைத்துவிட்டார்.

அடுத்தவர் மனச்சாட்சியை நினைத்து விட்டுக்கொடுப்பது கிழங்கில் பெரிய சேதமில்லாமல் முடிந்துவிடும். சாதியில் முடியவில்லை.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே, முழுதாக ஒழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். திருவிருந்துக் கிண்ணத்தில் தங்களுக்குப் பின்தான் மற்றவர் பருக வேண்டும் என்றிருந்த தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் பலர் கொதித்தார்கள். சபையைவிட்டு விலகியவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் ஜெர்மானிய லுத்தரன்களின் லைப்சிக் மிஷனில் சேர்ந்தார்கள். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் தந்தவர், பொறுமை வேண்டும் என்றார். சாதி என்பது சமூக வழக்கம், சட்டம்போட்டுப் பிடுங்கினால் ஆத்துமாக்கள் இடறும் என்பது அவர் தரப்பு.

கேட்கப் பவுல் மாதிரியே இருக்கிறது. ஆனால் பவுல் விடச் சொன்னது, மனச்சாட்சியில் பலவீனமானவனுக்காகப் பலமுள்ளவன் தன் தட்டில் இருப்பதை. இங்கே பலவீனர் என்று தாங்கப்பட்டவர்கள் நிலமும் படிப்பும் உள்ளவர்கள். விட்டுக்கொடுக்கச் சொல்லப்பட்டவர்களோ கிண்ணத்துக்குக் கடைசியில் காத்து நின்ற பறையர்கள். கிரவுல் கல்விமான்தான், கெட்ட எண்ணக்காரரும் அல்ல. இந்தக் கணக்கை மட்டும் தலைகீழாகப் போட்டுவிட்டார்.

லைப்சிக் மிஷனுக்குள்ளேயே ஒருவர் கிரவுலின் தரப்பை ஏற்கவில்லை. மாயவரத்தில் ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் மிஷனிலிருந்து பிரிந்து, 1860களில் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற புது நிலையத்தை அமைத்தார். டேனிஷ் மிஷன் அவருக்குக் கைகொடுத்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சபைக்குள் சாதி பிறகு என்ன ஆனது என்பது அடுத்த வாரம்.