இரத்தத்தில் இருப்பது மூளையில் இல்லை

காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்காமல் மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போய்விடும் ஆபத்து சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத்தான் அதிகம். சென்னையில் 180 குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்து 1986-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், முழுமையாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மாத்திரைகள் அன்றும் இருந்தன. மாத்திரை இருப்பதும் அது மூளையை எட்டுவதும் வேறுவேறு. மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றுக்கும் நடுவே இருக்கும் சயான் மாநகராட்சி மருத்துவமனைக்கு இப்படியொரு குழந்தை வந்தால், ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்ற நான்கோடுதான் வழக்கமான சிகிச்சை தொடங்கும். நுரையீரல் நோயில் இவற்றின் தலைவன் ரிஃபாம்பிசின். மூளையில் அந்தத் தலைமை செல்லாது என்பதும், நம் பரிசோதனை முறை இதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் என் வாதம்.

ரத்தத்தில் ஏறும் ரிஃபாம்பிசினில் சுமார் 80 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத மிச்சத்தால்தான் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்ட முடியும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் அளந்தால், ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் குறைவு. எத்தாம்புட்டாலும் சரியாக நுழைவதில்லை. ஐசோனியாசிட் கதை வேறு: மூலக்கூறு சிறியது, புரதத்தோடு அதிகம் ஒட்டாது, ரத்தத்தில் உள்ள அளவை நெருங்கியே தண்டுவட நீரிலும் காணப்படுகிறது. பைரசினமைடும் அப்படியே. ஆனால் வழக்கமான முறையில் பைரசினமைடு முதல் இரண்டு மாதங்களோடு நின்றுவிடும். பிறகு வரும் பத்து மாதங்களுக்கு மூளையில் உண்மையாகச் சுமை தாங்குவது ஐசோனியாசிட் ஒன்றுதான். கிருமி அதற்கு அடங்காததாக இருந்தால், காகிதத்தில் சிகிச்சை தொடர்கிறது. தண்டுவட நீரில் மிஞ்சுவதோ சொற்ப ரிஃபாம்பிசின்.

இது அரிதான விபத்தும் அல்ல. 2014-16 தேசிய ஆய்வின்படி, இந்தியாவின் புதிய காசநோயாளிகளில் சுமார் 11 சதவீதத்தினரின் கிருமி ஐசோனியாசிடுக்கு அடங்கவில்லை; ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காதது 3 சதவீதத்துக்கும் குறைவு. 2012 தொடக்கத்தில் மாகிம் இந்துஜா மருத்துவமனையிலிருந்து எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் பற்றிய செய்தி வந்தபோது ஊரே அதிர்ந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற சர்ச்சையில் அதிகாரிகள் நிறைய நேரம் செலவிட்டார்கள். அந்த இரைச்சலில் காதில் விழாமல் போனது இந்த அமைதியான 11 சதவீதம். சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியின் பரவலான பரிசோதனை ரிஃபாம்பிசினை மட்டுமே பார்க்கிறது. அது ‘எதிர்ப்பு இல்லை’ என்று சொன்னால் மருத்துவர் நிம்மதியடைகிறார். நுரையீரலுக்கு அந்த நிம்மதி ஓரளவு நியாயம். மூளை உறைக்கு இல்லை.

அழற்சியில் தடுப்பு தளர்ந்துவிடுமே, ரிஃபாம்பிசினும் உள்ளே போகாதா என்று கேட்கலாம். கொஞ்சம் போகும். ஆனால் வீக்கத்தைக் குறைக்க நாமே டெக்சாமெத்தசோன் கொடுக்கிறோம். குழந்தை தேறத் தேறத் தடுப்பும் பழையபடி இறுகும். அப்படியானால் ரிஃபாம்பிசின் அளவைக் கூட்டினால் என்ன? குழந்தையின் கல்லீரல், எடைக்கு எடை பார்த்தால், பெரியவருடையதைவிட வேகமாக மருந்தை வெளியேற்றுகிறது. இதனால்தான் 2010-ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு ஐசோனியாசிடை ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10-ஆகவும், ரிஃபாம்பிசினை 10-லிருந்து 15-ஆகவும் உயர்த்தியது. ஆயினும் வியட்நாமில் 817 பெரியவர்களுக்கு ரிஃபாம்பிசினை 15 மில்லிகிராமாகக் கூட்டி, லெவோஃபுளோக்சசினும் சேர்த்துப் பார்த்ததில் உயிரிழப்பு குறையவில்லை என்று 2016-ல் முடிவு வந்தது. கூட்டுவது மட்டும் தீர்வாகும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. தென்னிந்தியர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் ஐசோனியாசிடை மெதுவாகச் சிதைப்பவர்கள்; மருந்து அவர்கள் உடலில் கூடுதல் நேரம் தங்கும். தாராவித் தமிழ்க் குழந்தைகள் பலருக்கு இது உடம்பிலேயே அமைந்த சலுகை. கிருமி அடங்கும் வகையாக இருந்தால்தான் அந்தச் சலுகைக்குப் பயன்.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு ஆறு மாதத் தீவிர சிகிச்சையையும் மாற்றாக ஏற்றது. அதில் எத்தாம்புட்டாலுக்குப் பதில் மூளைக்குள் நன்றாக நுழையும் எத்தியோனமைடு. பைரசினமைடு கடைசிவரை தொடர்கிறது. நல்ல திசைதான், ஆனால் ஒரு சிக்கல்: ஐசோனியாசிட் எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றங்களில் ஒன்று எத்தியோனமைடையும் சேர்த்தே முடக்குகிறது. ஆகவே எந்த மாற்றம் என்று தெரியாமல் மாற்று மருந்தையும் நம்ப முடியாது. ஐசோனியாசிட் எதிர்ப்பைக் காட்டும் விரைவுப் பரிசோதனையை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்திருக்கிறது. தண்டுவட நீரில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் அதுவும் பல முறை கைவிரிக்கலாம் என்பது வலுவான ஆட்சேபம். அந்த நிலையில் பார்க்க வேண்டிய இடம் குழந்தையின் வீடு. இவ்வளவு சிறிய குழந்தைக்குக் கிருமி பெரும்பாலும் கூட இருக்கும் பெரியவரிடமிருந்தே வருகிறது. தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் அந்தப் பெரியவரைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. குழந்தை வார்டில் சேர்ந்த அன்றே அவருடைய சளியை ஐசோனியாசிடுக்கும் சேர்த்துப் பரிசோதிக்க அனுப்பலாம்.