செவ்விலை அப்பிள் வந்த வழி

மே மாதத்தில் ரொறன்ரோ வீதிகளில் நடக்கும் எம்மவர் சிலர் ஒரு மரத்தின் முன் தயங்கி நிற்பதுண்டு. பூ மட்டுமன்றி இலையும் செந்நிறம். ஊரில் மாமரம் தளிர்த்த காட்சி கண்முன்னே வரும். ஆனால் மாந்தளிரின் சிவப்பு சில வாரங்களில் பச்சையாகிவிடும். அலங்காரத்துக்கென நடப்படும் கிராப் அப்பிள்களில் சிலவற்றிலோ அது கோடை முழுவதும் நிலைக்கின்றது.

இலைக்குச் சிவப்பூட்டுவது அந்தோசயனின் எனும் நிறப்பொருள். அதனை ஆக்கும்படி பணிப்பது எம்.வை.பி.10 என்ற மரபணு. பச்சையிலை அப்பிளில் இம்மரபணுவின் முகப்பிலே 23 எழுத்துக்கள் கொண்ட ஒரு தொடர் ஒரு தடவை மட்டுமே உண்டு; செவ்விலை அப்பிளில் ஆறு தடவை. நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2009இல் இதனை வெளியிட்டனர். மரபணு உண்டாக்கும் புரதம் திரும்பிவந்து அந்த முகப்பிலேயே பற்றிக்கொண்டு, தன்னைப் பெற்ற மரபணுவையே மேலும் தூண்டுகின்றது. பிடிமானம் ஆறானதால் தூண்டுதல் ஓய்வதில்லை. பச்சையம் அழிவதுமில்லை, சிவப்பின் பின்னே இருந்து தன் தொழிலைச் செய்கின்றது.

இவ்வியல்பின் தாயகம் மத்திய ஆசியா. கசகஸ்தான், கிர்கிஸ்தான் மலைச்சாரல்களில் வளரும் நீட்ஸ்வெட்ஸ்கி அப்பிளுக்குப் பழத்தின் சதையும் சிவப்பு. அங்கே அது இன்று அருகிவிட்டது. 1912இல் இங்கிலாந்திலிருந்து கனடா வந்த இசபெல்லா பிரெஸ்டன் அம்மையார், ஒட்டாவா மத்திய பரிசோதனைப் பண்ணையில், குளிர்தாங்கும் சைபீரிய அப்பிளோடு கலந்த அதன் வழித்தோன்றல்களை வளர்த்துத் தெரிந்தெடுத்தார். அவற்றுக்குக் கனடிய ஏரிகளின் பெயர்களைச் சூட்டினார். எமக்கு அயலிலுள்ள சிம்கோவும் அவற்றுள் ஒன்று.

விதையை நட்டால் என்ன? சிவப்பு மரபணுவின் ஒரு பிரதி மட்டுமுள்ள மரம் பச்சை மரத்தோடு கலந்தால், கன்றுகளில் ஏறத்தாழப் பாதியே செவ்விலையோடு வரும். ஆகவேதான் கறுத்தக்கொழும்பானைப் போல இதனையும் ஒட்டி வளர்க்கின்றனர்.

ஒட்டில் ஓர் ஆபத்து உண்டு. ஸ்காபரோவில் எமக்கு அறிமுகமான குடும்பமொன்று, முதன்முதல் வாங்கிய வீட்டின் முற்றத்துச் செவ்விலை மரத்தின் அடியில் பச்சைத் தளிரைக் கண்டு, மரம் குணமடைகின்றதென மகிழ்ந்து விட்டுவைத்தது. சில ஆண்டுகளில் முற்றத்தில் ஓங்கி நின்றது பச்சை மரம்; சிவப்பு ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டது. நோயுமன்று, குணமுமன்று. ஒட்டுக்குக் கீழேயிருந்த அடிமரம் தன் இலையைக் காட்டியது, அவ்வளவே. அத்தகைய தளிரைக் கண்டவுடன், அது புறப்படும் இடத்தோடு சேர்த்து அகற்றிவிடவேண்டும்.