ஜன்னல் கைப்பிடி மாற்றுவோர் கவனிக்க

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், கடலை ஒட்டியே இருக்கிறது நமது பாம்பூஃப்ளாட். உப்புக் காற்றில் ஜன்னல் கைப்பிடி ஆடத் தொடங்கினால், கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணுகிறோம். ஆனால், பல வீடுகளில் முதலில் கெடுவது திருகாணிதான்.

பித்தளைக் கைப்பிடிக்கு இரும்புத் திருகாணி போடாதீர்கள். இரண்டு உலோகங்கள் சேருமிடத்தில் உப்பு ஈரம் பட்டால், அது ஒரு சிறு மின்கலம் போலாகி இரும்பை விரைவில் அரித்துவிடும். பித்தளைக்குப் பித்தளைத் திருகாணியே ஏற்றது.

மரச் சட்டமானால் வேலை எளிது. துருவேறி இறுகிய திருகாணியில் முதல்நாள் இரவே சில துளி மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள்; மறுநாள் திருப்புளிக்கு இளகிக் கொடுக்கும். கழற்றிய கைப்பிடியைக் கடைக்குக் கொண்டு சென்று, துளைகளின் இடைவெளியை ஒத்துப்பார்த்து வாங்குங்கள். மரத்தில் துளை தளர்ந்திருந்தால், பசை தடவிய மூங்கில் சிம்பை அதில் இறுக்கி, நன்கு காய்ந்தபின் திருகாணியை முடுக்குங்கள்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே நம் தீவுகளுக்கு வந்துவிடும். சரியாகப் பூட்டாத ஜன்னல் காற்றில் அடித்துக் கண்ணாடி உடைந்தால், அருகில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஆகவே ஏப்ரலிலேயே எல்லா ஜன்னல்களையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடுங்கள்.